சில பேருக்கான தேங்காய் துருவி

எனக்கு வயது எழுபத்து நான்கு. வளர்த்தது ஆறு பேரை. நான்கு நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் பெற்றது. அந்த ஆறு பேரில் ஒருவர்கூட என்னிடம் வந்து சோறு பத்தவில்லை என்று சொன்னதில்லை. பத்தாமல் இருந்திருக்கலாம். சொன்னதில்லை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், சொல்லப்போகிற விஷயத்துக்கு அதுதான் காரணம். எங்கள் வீட்டில், எங்கள் தேயிலைத் தோட்டத்தில், இந்த ஹேவாஹெட்ட றோட்டில் கண்டி வரைக்கும், எங்கள் ஆட்கள் யாரும் தனக்கு இது வேண்டும் என்று வாய் திறந்து கேட்கமாட்டார்கள். கேட்டால் கேவலம். அடுத்தவருக்கு வேண்டும் என்று கேட்கலாம், அதில் கேவலம் இல்லை.

நான் மூன்றாம் வகுப்பு. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு வாசிப்பேன், கலண்டரில் நல்ல நேரம் பார்ப்பேன். அதற்கு மேல் எழுத்து எனக்கும் வேண்டாம், எழுத்துக்கும் நான் வேண்டாம். அதனால் சொல்வது நான், எழுதுவது மூத்த மகனின் மகள். நான் சொல்வதைப் புத்தகத் தமிழில் எழுத வேண்டும், மற்றவர்கள் பேசியதை அவர்கள் பேசின மாதிரியே எழுத வேண்டும் என்பது உத்தரவு. ஏன் இந்த ஓரவஞ்சனை என்று கேட்டாள். எனக்கு மரியாதை வேண்டும், அவர்கள் பேசினதற்கு ஆதாரம் வேண்டும் என்றேன்.

கதை என் கடைசி மகளின் வேலையைப் பற்றியது. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் இருக்கிறாள். குசினிச் சாமான், அதாவது சமையலறைச் சாமான், செய்கிற இடம். இரண்டு பஸ் மாறிப் போவாள், இரண்டு பஸ் மாறி வருவாள். சேர்ந்தபோது பெட்டி ஒட்டுகிற வேலை, பிறகு பில் எழுதுகிற வேலை. கை சுத்தம், வாய் குறைவு. இரண்டும் என்னிடமிருந்து வந்தது என்பேன். முதலாவது மட்டும்தான் என்று என் மருமகள் சொல்வாள்.

முதலாளி நல்ல மனிதர். கண்டி டவுனில் அவருடைய அப்பா காலத்திலிருந்து சட்டி பானை வியாபாரம். அதோடு நின்றிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார். ஆனால் அவருக்குக் குளிக்கும்போது யோசனை வரும். தலையில் தண்ணீர் விழுந்தால் ஒரு மிஷின் பிறக்கும். துவட்டியும் துவட்டாமலும் பட்டறைக்கு ஓடிவந்து பாஸைக் கூப்பிடுவார். எங்கள் பக்கம் கைவேலைக்காரரைப் பாஸ் என்போம். அங்கே இரும்பு வேலை, மோட்டர் வேலை எல்லாம் பார்ப்பவர் ஒரு சிங்களப் பாஸ். சாந்தமான மனிதர். எதைச் செய்யச் சொன்னாலும் எத்தனை அங்குலம் என்று மட்டும் கேட்பார். அங்குலத்தைச் சொல்லிவிட்டால் ஆனைக்குக் கொம்பு வைக்கச் சொன்னாலும் வைத்துவிடுவார்.

அப்படிப் பிறந்த மிஷின்கள் எத்தனையோ. ரொட்டிக்கு மாவு பிசைகிற மிஷின் ஒன்று. மாவை நன்றாகத்தான் பிசைந்தது, ஆனால் பிசைந்த மாவைத் திருப்பித் தராது. கரண்டியால் தோண்டி எடுக்க வேண்டும். மிளகாய் அரைக்கிற மிஷின் இன்னொன்று. சுவிட்சைப் போட்டால் அரைத்துக்கொண்டே நடக்கும். மேசையில் வைத்தால் மேசை ஓரம் வரை, தரையில் வைத்தால் வாசல் வரை. பட்டறையில் அதை மாடு மாதிரிக் கயிற்றில் கட்டி வைத்திருந்ததாக மகள் சொன்னாள். விற்காத மிஷின்கள் எல்லாம் முதலாளி வீட்டு மாடிப்படிக்குக் கீழே போயின. அங்கே இடம் முடிந்து சாமியறைக்குள் வந்த அன்று அவருடைய மனைவி தாய்வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வருவதற்கு அந்த அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. இனிமேல் அவர் தலையில் வருவது அவர் தலையிலேயே இருக்க வேண்டும். எதைச் செய்தாலும் வாங்குகிற பெண்களிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

அப்படித்தான் என் மகளுக்கு அந்த வேலை வந்தது. அடுத்து செய்யப்போவது கரண்டில் சுத்துகிற தேங்காய் துருவி. பெண்களுக்கு என்ன வேண்டும் என்று அவள் கேட்டுவர வேண்டும். கேட்டதைப் பாஸ் செய்கிற மாதிரி அளவாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஸ்பெக் என்று பெயராம். செய்த துருவி விற்கும் என்று முதலாளிக்கு நம்பிக்கை வந்தால், புதுச்சாமான் பகுதிக்கு அவள் பொறுப்பு, வேலை நிரந்தரம். வராவிட்டால் பட்டறையை மூடிவிட்டுச் சட்டி பானையோடு இருக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். சட்டி பானைக் கடையில் அவளுக்கு இடம் இல்லை.

அவள் அலுமாரியில் ஒரு பாஸ்போர்ட் வைத்திருந்தாள். வெளிநாட்டு வீட்டு வேலைக்கு ஏஜென்சிக்காரன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். இது சரிவராவிட்டால் போகிறேன் அம்மா என்று சோற்றைப் பிசைந்தபடி சாதாரணமாகச் சொன்னாள். வளர்த்த ஆறில் ஏற்கெனவே இரண்டு பேர் போனுக்குள் இருக்கிறார்கள். பெருவிரல் அளவு முகத்தோடு வந்து சாப்பிட்டீங்களா என்று கேட்கிறார்கள். இவளையும் போனுக்குள் அனுப்ப எனக்கு மனமில்லை.

அதனால் பெண்களை நான் கூட்டித் தருகிறேன் என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்து மூன்று பேர் வந்தார்கள். சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற கடைக்காரம்மா. வாட்டசாட்டமான ஆள், எங்கள் வீட்டு நிலையில் குனிந்துதான் நுழைவார். மேட்டு வீட்டுக்காரி, தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்க்கிற வேலை, ஒரு இடத்தில் உட்காரமாட்டாள். மூன்றாவது என் மருமகள். அவள் வரத் தேவையில்லை, இங்கேயே இருப்பவள். இதை எழுதுகிறவளின் தாய். அதனால் மருமகள் வருகிற இடங்களில் பேனா கொஞ்சம் நிற்கிறது. நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உளுந்து வடையும் பிளேன்டீயும் கொடுத்தேன். நான் நடுவில் கதிரையில் உட்கார்ந்தேன். மகள் பேனாவைத் திறந்து, தேங்காய் துருவுவதில் உங்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டாள்.

ஒரு கஷ்டமும் இல்லை என்றார்கள் மூவரும். கடைக்காரம்மாவின் விரலில் பெரிய கட்டு இருந்தது. அன்று காலையில்தான் துருவியில் வெட்டுப்பட்டது. கட்டுப் போட்ட அந்த விரலாலேயே வடையைப் பிடித்துக்கொண்டு, துருவியினால் தனக்கு இந்த ஜென்மத்தில் ஒரு தொந்தரவும் வந்ததில்லை என்றார். மிஷின் எப்படி இருந்தால் நல்லது என்று மகள் கேட்டாள். நீ எப்படிச் செய்தாலும் நல்லதுதான் என்றாள் மேட்டு வீட்டுக்காரி. என்ன நிறம் வேண்டும் என்றால், எந்த நிறமானாலும் சரி. சின்னதா பெரிதா என்றால், உங்கள் வசதி. என் மருமகள் பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் நிற்கிற பெண் மாதிரித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் தாளைப் பார்த்தாள். அதில் 'நல்லது' என்று மட்டும் எழுதியிருந்தது. நல்லது எத்தனை அங்குலம் என்று பாஸ் கேட்டால் என்ன சொல்வாள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வந்தது. ஆனால் என்னிடம் கேட்டிருந்தாலும் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். ஒரு வடையை எடுத்துப் பிய்த்தாள். வேலை முடிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, சரி, உங்களுக்கு ஒன்றும் வேண்டாம், வேறு யாராவது கஷ்டப்படுகிறார்களா என்று சும்மா கேட்டாள்.

அவ்வளவுதான். மடை திறந்தது.

"எனக்கு என்னம்மா, நான் எப்புடியும் துருவிக்குவேன்," என்றார் கடைக்காரம்மா. "ஆனா சில பேரு இருக்காங்க. துருவுற பலகையில உக்காந்தா எந்திரிக்க முடியாது. ரெண்டு பேரு போயி தூக்கணும். தூக்குனா, யாரு ஒங்களத் தூக்கச் சொன்னதுன்னு ஏசுவாங்க."

மகள் பேனாவைத் திறந்தாள்.

மேட்டு வீட்டுக்காரி வடையைக் கீழே வைத்துவிட்டு முன்னுக்கு வந்தாள். சில பேருக்கு இடது கைப் பழக்கம் இருக்கிறது, கடையில் விற்கிற சாமான் எல்லாம் வலது கைக்குத்தான் இருக்கிறது என்றாள். சில பேருக்குக் காது மந்தம், மிஷின் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் கையை உள்ளே விட்டுவிடுவார்கள், அதை நினைத்தால் தனக்குப் பயமாக இருக்கிறது என்றாள். சில பேர் பாதித் தேங்காயில் எழும்பி வேலியோரம் கதைக்கப் போய்விடுவார்கள், மிஷின் பாட்டுக்கு ஓடும், கரண்ட் பில் யார் கட்டுவது என்றாள்.

என் மருமகளும் வாய் திறந்தாள். மெல்லத்தான் சொன்னாள், ஆனால் நிறையச் சொன்னாள். சில பேர் துருவத் துருவத் தேங்காய்ப்பூவைத் தின்றுவிடுகிறார்கள். சம்பலுக்கு என்று ஒரு மூடி கொடுத்தால் பாதிதான் திரும்பி வருகிறது. தேங்காய் விற்கிற விலையில் அதைக் கேட்கவும் முடியாது. சில பேர் தாங்கள் துருவினால்தான் துருவல், மற்றவர்கள் தொட்டால் கோவித்துக்கொண்டு சாப்பிடமாட்டார்கள். அதற்கு ஒரு சாவி வைத்தால், சாவி தன்னிடம் இருக்கிறது என்று அவர்களுக்கு மனம் ஆறும் என்றாள்.

எனக்கு அந்தச் சில பேரை நினைத்துப் பெரிய கவலையாகிவிட்டது. இப்படியும் மனிதர்கள் ஊருக்குள் இருக்கிறார்களே, பாவம், யார் பெற்ற பிள்ளைகளோ என்று சொன்னேன். கடைக்காரம்மாவுக்குப் புரையேறியது. நான் தண்ணீர் கொடுத்துவிட்டு என் பங்குக்கு ஒன்று சொன்னேன். அவ்வளவு முடியாத ஆட்கள் என்றால் மிஷினோடு ஒரு பிடி வையுங்கள், அதைப் பிடித்து ஊன்றி எழும்பட்டும் என்றேன். மகள் அதையும் எழுதினாள். எழுதும்போது தலையை நிமிர்த்தவே இல்லை.

அடுத்த வாரம் முழுவதும் எங்கள் குசினியில் அந்தச் சொற்களை எல்லாம் அளவாக மாற்றுகிற வேலை நடந்தது. அது லேசுப்பட்ட வேலை இல்லை. குனிய முடியாது என்பது ஒரு பேச்சு. அதைப் பாஸிடம் சொன்னால் அவர் தலையைச் சொறிவார். தரையிலிருந்து இத்தனை அங்குலம் என்று சொன்னால்தான் இரும்பை வெட்டுவார். அந்த அங்குலத்தை எங்கே போய் எடுப்பது. மகள் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, அம்மா கொஞ்சம் கதிரையில் உட்காருங்கள் என்றாள். வீட்டில் சும்மா இருப்பது நான் ஒருத்திதானே. உட்கார்ந்தேன். முழங்காலுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் கை சிரமமில்லாமல் நிற்கிறது என்று அளந்தாள். தேங்காய் மூடியைப் பிடிக்கிற மாதிரி கையை நீட்டுங்கள் என்றாள். நீட்டினேன். எனக்கு எது முன்னுக்கு வருமோ அந்தக் கையை நீட்டினேன். அதை அளந்தாள்.

காதுக்குப் பதில் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று சிவப்பு பல்ப் ஒன்று தீர்மானித்தாள். அது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? சில பேர் வேலியோரம் போய்விடுவார்கள் என்று மேட்டு வீட்டுக்காரி சொன்னாளே, அந்தத் தூரத்துக்குத் தெரிய வேண்டுமாம். என்னை வேலியோரம் நிற்கச் சொன்னாள். நான் வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றேன். குசினி யன்னலில் ஒவ்வொரு பல்பாகப் பிடித்துக் காட்டினாள். மூன்றாவது தெரிந்தது. பிறகு, கையை எடுத்தால் மிஷின் தானாக நிற்க வேண்டும் என்று எழுதினாள். தேங்காய்ப்பூ விழுகிற கிண்ணத்துக்கு மூடி வேண்டும், மிஷின் நின்றால்தான் அந்த மூடி திறக்க வேண்டும் என்று எழுதினாள். சாவியை நூலில் கோத்து என் கழுத்தில் போட்டுப் பார்த்து நூலின் நீளத்தையும் எழுதினாள். ஒரு மிஷினுக்கு உடம்பு கொடுக்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும். நான் நிமிர்ந்து உட்கார்ந்து கொடுத்தேன்.

இதற்கு நடுவில் முதலாளிக்குக் குளியல் வந்துவிட்டது. துருவிக்குத் தங்க நிறம் பூச வேண்டும், அதிலேயே தோடம்பழச் சாறும் பிழிய வேண்டும் என்று சொன்னாராம். யார் கேட்டது என்று மகள் கேட்டிருக்கிறாள். நான்தான் கேட்கிறேன் என்றாராம்.

"நீங்க விக்கிற ஆளு சார், வாங்குற ஆளு இல்ல," என்றாளாம் என் மகள். இதை அவள் எனக்குச் சொல்லவில்லை, பாஸ் சொன்னார். வாய் யாரிடமிருந்து வந்தது என்று மருமகள் இப்போது பேசட்டும்.

மிஷின் தயாரானது. முதலாளியும் பாஸும் அதை வேனில் ஏற்றி, ஒரு சாக்குத் தேங்காயோடு எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். யார் கேட்டார்களோ அவர்களே போட்டுப் பார்க்க வேண்டும், அப்போதுதான் விற்குமா என்று தெரியும் என்பது முதலாளியின் எண்ணம். சாமான் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நாலு கால், மேலே மோட்டர், இடது பக்கம் சுத்துகிற பல், வலது பக்கம் சாவி, தலையில் சிவப்பு பல்ப், ஓரத்தில் தடித்த பிடி. கோயில் வாகனம் மாதிரி முன்னறையில் நின்றது. மூன்று பெண்களும் வந்து சுவரோரம் நின்றார்கள். மகள் ஒரு நல்ல சேலை கட்டியிருந்தாள். அந்தத் தலைப்பாலேயே பல்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

முதலில் கடைக்காரம்மா உட்கார்ந்தார். அவருடைய முழங்கால் மிஷினுக்குக் கீழே போகவில்லை. காலை அகட்டினார், மடக்கினார், ஒரு பக்கமாகச் சாய்ந்தார். கடைசியில் வீணை வாசிக்கிற மாதிரி உட்கார்ந்து ஒரு மூடியைத் துருவப் போய் முழங்காலை இடித்துக்கொண்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நொண்டி நொண்டி எழும்பினார்.

அடுத்தது மேட்டு வீட்டுக்காரி. வலது கையில் தேங்காய் மூடியைப் பிடித்தாள். பல் இடது பக்கம். கையைக் குறுக்கே கொண்டுபோனாள், கழுத்தைத் திருப்பினாள், உடம்பைத் திருப்பினாள், கடைசியில் மிஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துருவினாள். நல்லாருக்கு என்றாள். என் மருமகள் கிண்ணத்து மூடியைத் திறந்து தேங்காய்ப்பூ விழுகிறதா என்று பார்க்க நினைத்தாள். மூடி திறக்கவில்லை. திறப்பதற்குக் கையை எடுத்தாள், மிஷின் நின்றது. கையை வைத்தாள், மூடி பூட்டிக்கொண்டது. இப்படியே கையை வைப்பதும் எடுப்பதுமாக, மிஷின் விக்கல் எடுத்தது. சிவப்பு பல்ப் திருவிழா மாதிரி மின்னியது. அவளும் நல்லாருக்கு என்றாள்.

முதலாளிக்கு வியாபாரியின் கண். வாய் சொல்வதையா பார்ப்பார், முழங்காலைத்தானே பார்ப்பார். அவர் முகம் மெல்ல மெல்ல இறங்கியது.

"மகள், இது யாருக்குச் செஞ்சது?" என்று என் மகளைக் கேட்டார்.

என் மகள் பாஸைப் பார்த்தாள். பாஸ் டேப்பைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்தாள். வேலை போகப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். பாஸ்போர்ட் அலுமாரியில் இருக்கிறது என்றும் தெரியும். அப்படியும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். எனக்குக் கோபம். எழுதினதை எடுத்துக்காட்டிச் சொல்ல வேண்டியதுதானே என்று நினைத்தேன்.

பேச்சு இல்லாத இடத்தில் எனக்கு நிற்க முடியாது. தேங்காயை வீணாக்காதீர்கள், எல்லோரும் தள்ளுங்கள் என்று சொல்லி நான் போய் உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினேன். தேங்காய் மூடியை எடுத்தேன். கை தானாகப் போய்ப் பல்லில் உட்கார்ந்தது. தைத்துப் போட்ட ரவிக்கை மாதிரி இருந்தது. ஒரு மூடி, இன்னொரு மூடி, இன்னொன்று. முதுகு வலிக்கவில்லை, தோள் வலிக்கவில்லை. பல்ப் எரிந்தது, ஓடுகிறது என்று தெரிந்தது. சத்தமே இல்லாத நல்ல மிஷின் என்று சொன்னேன். பாஸ் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். தேங்காய்ப்பூவை ஒரு விரல் எடுத்துப் பார்க்கலாம் என்று மற்றக் கையைக் கொண்டுபோனேன், கிண்ணத்து மூடி விடவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன். வந்த தேங்காயில் பாதியைத் துருவி முடித்து, பிடியைப் பிடித்து, ஊன்றி, எழும்பினேன்.

எழும்பி நின்றபோது அந்தப் பிடி இன்னும் என் கைக்குள் இருந்தது. முடியாத ஆட்களுக்கு என்று நான் கேட்ட பிடி. அது என் உள்ளங்கைக்கு அவ்வளவு சரியாக இருந்தது. நான் கையைப் பார்த்தேன். இடது கை. பல்பைப் பார்த்தேன். கிண்ணத்து மூடியைப் பார்த்தேன். பிறகு சுவரோரம் நின்ற மூன்று பேரையும் பார்த்தேன். கடைக்காரம்மா கூரையில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். மேட்டு வீட்டுக்காரி தன் வளையலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் மருமகள் சேலைத் தலைப்பை வாயில் திணித்திருந்தாள், அவள் தோள் மட்டும் குலுங்கியது.

என் வீட்டில் உட்கார்ந்து, என் வடையைத் தின்றுகொண்டு, என் முகத்துக்கு முன்னாலேயே என்னைப் பற்றி அத்தனையும் சொல்லியிருக்கிறார்கள். நான் வேறு பாவம் பாவம் என்று தலையாட்டியிருக்கிறேன். மூவரையும் வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துகிற யோசனைதான் முதலில் வந்தது. மிஷினையும் சேர்த்து.

அப்போதுதான் மகளைப் பார்த்தேன். அவள் ஏன் வாய் திறக்கவில்லை என்று விளங்கியது. முதலாளி யாருக்கு என்று கேட்டதற்கு அவளிடம் பதில் இருந்தது. அந்தப் பதில் நான். என்னை இத்தனை பேருக்கு முன்னால் முடியாத கிழவி என்று சொல்வதைவிட விமானம் ஏறலாம் என்று நின்றிருக்கிறாள். முதலாளி பாஸிடம் மிஷினைத் தூக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"வைங்க அத," என்றேன். "யாருக்குச் செஞ்சதுன்னு கேட்டீங்க. எனக்குத்தான் செஞ்சது. உக்காந்தா எந்திரிக்க முடியாது. எனக்கு இடது கை. காது கொஞ்சம்... நீங்க எல்லாம் மெல்லப் பேசுறீங்க. தேங்காப்பூவும் திம்பேன், எங்க வீட்டுத் தேங்காதான். அந்தச் சில பேரு நான்தான். ஒரு அங்குலம் தப்பாம அளந்திருக்கா ஏம்மக."

முதலாளி மரியாதையாகத்தான் பேசினார். சந்தோஷம் அம்மா, ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு மிஷின் செய்து விற்க முடியாதே என்றார். எனக்கு மறுபடியும் கோபம் வந்தது, இந்த முறை அவர் மேல்.

"ஒரு ஆளா? ஒங்க வீட்டுல அம்மா இருக்காங்களா இல்லையா?"

இருக்கிறார் என்றார். எழும்புவாரா என்று கேட்டேன். இரண்டு பேர் தூக்க வேண்டும் என்றார். தூக்கினால் ஏசுவாரா என்று கேட்டேன். அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, தாய் கண்டியில் இருப்பதை மறந்து மெல்லத் தலையாட்டினார்.

சுவரோரத்திலிருந்து கடைக்காரம்மா தொண்டையைச் செருமினார். தனக்கு ஒன்று வேண்டும் என்றார். பிறகு அவசரமாக, "எனக்கில்ல, எங்க மாமியாருக்கு," என்றார். மேட்டு வீட்டுக்காரி தன் தாய்க்கு ஒன்று, அக்காவின் மாமியாருக்கு ஒன்று என்றாள். வலது கைக்காரருக்கு ஒன்று இடது கைக்காரருக்கு ஒன்று என்று மாற்றிச் செய்ய முடியுமா என்று மகள் பாஸிடம் கேட்டாள். முடியும், எத்தனை அங்குலம் என்றார் பாஸ். என் மருமகள் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு எதற்கு, இங்கே ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே. மிஷினைச் சொல்கிறேன்.

அவர்கள் போன பிறகு மகளைப் பிடித்துக் கேட்டேன். அன்றைக்கு வடை தின்றபோதே உனக்குத் தெரியுமா என்று.

"பலகையில உக்காந்தா எந்திரிக்க முடியாதுன்னப்பவே தெரியும்."

"ஏண்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா அளவு குடுத்திருப்பீங்களாம்மா?"

கொடுத்திருக்கமாட்டேன். அது உண்மை. அதனால் அந்தப் பேச்சை அதோடு விட்டேன்.

பெட்டியில் என்ன எழுதுவது என்று பட்டறையில் ஒரு சண்டை நடந்தது. 'முதியோருக்கான துருவி' என்று எழுத முதலாளி நினைத்தார். நான் ஆள் அனுப்பித் தடுத்தேன். அப்படி எழுதினால் எந்த முதியோர் வாங்குவார்? நானே கடை வாசலோடு திரும்பிவிடுவேன். மகள் யோசித்து, 'வீட்டில் சில பேருக்கு' என்று போட்டாள். இப்போது அது கண்டி டவுன் கடைகளில் நிற்கிறது. பெண்கள் வந்து பெட்டியை வாசித்துச் சிரிக்கிறார்கள், எனக்கில்லை என்று கடைக்காரரிடம் முதலில் சொல்லிவிட்டு, வாங்கிப் போகிறார்கள். பெட்டியின் மேல் என் கை மட்டும் இருக்கிறது. முகத்தைப் போடக் கேட்டார்கள், நான் சம்மதிக்கவில்லை. கைக்கு நல்ல வளையல் போட்டுக்கொண்டேன்.

மகளின் வேலை நிரந்தரம். அந்தப் பாஸ்போர்ட்டை நான் கேட்டேன், கொடுத்தாள். என் சேலைகளுக்குக் கீழே கிடக்கிறது. அவள் இப்போது மடுல்கெல்ல, பேராதனை என்று ஊர் ஊராகப் போய் விசாரிக்கிறாள். அடுத்தது இடியப்பம் பிழிகிற மிஷினாம். உங்களுக்கு என்ன வேண்டும் என்று யாரிடமும் கேட்பதில்லை. வடையை வைத்துவிட்டு, சில பேர் இருக்கிறார்களா என்று மட்டும் கேட்கிறாள். எழுதக் கை போதவில்லை என்கிறாள். முதலாளி நிம்மதியாகக் குளிக்கிறார்.

என் துருவி என் குசினியில் இருக்கிறது. சாவி என் கழுத்தில். ஒரு குறைதான். அந்த மூடி. பாஸிடம் தனியாகச் சொல்லியிருக்கிறேன், எனக்கில்லை, சில பேருக்கு ஓரத்தில் ஒரு விரல் போகிற அளவு இடைவெளி இருந்தால் நல்லது என்று. எத்தனை அங்குலம் என்று கேட்டார். விரலை நீட்டிக் காட்டினேன். அளந்துகொண்டு போயிருக்கிறார்.

போதும், பேனாவை வை. எழுதினதை முதலிலிருந்து ஒரு தடவை வாசி பார்க்கலாம். உன் அம்மா வருகிற இடத்தில் எதையும் விடாமல் வாசி. இன்னும் கொஞ்சம் சத்தமாக வாசி, புள்ள. எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. நீதான் மெல்ல வாசிக்கிறாய்.